பாறையைத் தூக்கி எறியாதே!

வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தென்மாவட்டத்து ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சங்கரன்கோவில்தான். தேளைக் கண்டாலும் அப்படித்தான், பூரானைக் கண்டாலும் அப்படித்தான். கோமதியம்மாளை நினைத்துக் காசு முடிந்துவைப்பார்கள். பிறகு ஒருநாள் குடும்பத்தோடு வந்து, கோவில் வாசல் கடையில் பாம்பு உருவும் தேள் உருவும் வாங்கி உண்டியலில் போடுவார்கள். புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு நிம்மதியாக பஸ் ஏறுவார்கள். வேண்டாத ஜந்து வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வதற்கென்றே பேர் பெற்ற ஊர் இது. இந்த ஊரில் இருந்துகொண்டு, உன் கண்ணாடித் தொட்டிக்குள் புகுந்த விரல்நுனி அளவு ஜந்துவைப் பார்த்து நீ கை நடுங்கலாமா?

அந்த ஜந்துவின் பேர் ஐப்டேசியா. அதற்கு எந்தக் கடையிலும் உரு விற்கவில்லை. நீயே சொல்லிச் செய்து போட்டாலும், உண்டியல் எண்ணுகிறவர்களுக்கு அது என்னவென்று விளங்காது. இந்த ஜந்துவை வெளியேற்ற வேண்டியது நீதான். உன்னால் முடியும். எப்படி முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

“எதுக்குலே இந்த வேண்டாத வேலை? மீன் வளக்கணும்னா ரெண்டு கப்பி வாங்கி பாட்டில்ல விட வேண்டியதுதானே!” என்றவர்களை நீ ஏற்கெனவே தாண்டி வந்துவிட்டாய். தூத்துக்குடிக் கடல் இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நடுவில் கரிசல் காடும் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களும் வெயிலும். விசைத்தறிச் சத்தத்துக்கும் பூச்சந்தை இரைச்சலுக்கும் இடையில், வீட்டு முன்னறையில், உப்பைக் கரைத்து நீ ஒரு கடல் செய்தாய். ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி என்று காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாய். சித்திரை வெயிலில் அந்த 27-ஐத் தாண்டவிடாமல் காக்க நீ பட்ட பாடு உனக்குத்தான் தெரியும். போர் தண்ணீர் ஆகாது என்று ஆர்.ஓ. தண்ணீரைக் கேன் கேனாகச் சுமந்தாய். அம்மோனியா இறங்கும்வரை வாரக்கணக்கில் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மீனே இல்லாத தொட்டிக்கு எதற்குக் கரண்டு என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லாமல் நின்றாய். அப்படி நின்றவன் நீ. அப்படி நின்றவள் நீ. பாறையிடுக்கில் பழுப்பு நிறத்தில் கைவிரித்து நிற்கிற ஒரு பிராணிக்காகவா இப்போது தொட்டியை விற்றுவிடலாம் என்று விலை விசாரிக்கிறாய்?

பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மைக் பிடிக்கிறவர்கள் பலர் அதோடு நிறுத்திக்கொண்டு சால்வை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எதிரி யாரென்று தெரியாமல் வருகிற வீரம் அரைமணி நேரம்கூட நிற்காது. ஆகவே முதலில் எதிரியைப் பார்.

ஐப்டேசியா கடல் சாமந்தி இனம். கண்ணாடி மாதிரி மெல்லிய தண்டு, உச்சியில் வளையமாக உணர்விழைகள். ஒவ்வொரு இழையிலும் கொட்டும் அணுக்கள். பக்கத்தில் இருக்கிற மென்பவளத்தைக் கொட்டிச் சுருங்க வைக்கும். மீனும் இறாலும் கிட்டே வர அஞ்சும். விரலை நீட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் இடுக்குக்குள் இழுத்துக்கொள்ளும். அதன் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்திலிருந்து உணவு செய்து கொடுக்கும். அதனால் நீ மீனுக்குப் போடுகிற தீனியைக் குறைத்தால் மட்டும் இது பட்டினியில் செத்துவிடாது. பவளமும் இதே நுண்பாசிக் கூட்டுறவில் வாழ்கிற உயிர்தான். பவளத்தை ஆய்வகத்தில் வளர்ப்பது சிரமம், இதை வளர்ப்பதோ சுலபம். அதனால், கடல் சூடேறும்போது பவளம் ஏன் வெளிறிச் சாகிறது என்பதைப் படிக்க உலகெங்கும் விஞ்ஞானிகள் ஐப்டேசியாவைத்தான் ஆய்வகத் தொட்டிகளில் வைத்திருக்கிறார்கள். நீ சபிக்கிற ஜந்துவுக்கு அங்கே ராஜமரியாதை. அதன் பிடிவாதத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வா. ஆத்திரத்தில் கத்தியை எடுத்துச் சுரண்டுகிறாய். உடம்பு போய்விட்டது, பாறை சுத்தம், ஜெயித்துவிட்டோம் என்று தூங்கப் போகிறாய். பாறையில் ஒட்டிய அடிப்பாதத்தின் துணுக்கு ஒன்று மிஞ்சினால் போதும். அதிலிருந்து முழு ஐப்டேசியா எழும். நீ சீண்டாவிட்டால்கூட, நகர்ந்து போகும் வழியில் தன் பாதத்தின் சிறு துணுக்குகளை விட்டுவிட்டுப் போய், அவற்றிலிருந்து பெருகுகிற பிராணி அது. நீ சுரண்டினால் அந்த வேலையை நீயே அதற்குச் செய்து கொடுக்கிறாய். நேற்று ஒன்றாக இருந்தது சில வாரத்தில் நாலைந்தாக நிற்கும். உன் கோபத்தில்தான் அது பிள்ளை பெறுகிறது.

கரிசலில் கோரை எடுத்த கைகளுக்கு இது புதிய பாடமில்லை. மேலே தெரிகிற புல்லை அறுத்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தவன் காடு, அடுத்த மழைக்கு முழுவதும் கோரையாகத்தான் நிற்கும். குனிந்து கிழங்கோடு தோண்டியவன்தான் பருத்தி எடுத்தான். உன் தாத்தாவுக்குத் தெரிந்த இந்த வேலை உன் ரத்தத்திலும் இருக்கிறது. எழுந்து நில்!

ஆயுதம் வேண்டுமா? பக்கத்திலேயே இருக்கிறது. புளியங்குடி எலுமிச்சை! எலுமிச்சைச் சாற்றை வடிகட்டி இன்சுலின் ஊசியில் ஏற்று. ஓட்டமோட்டாரை நிறுத்து. அது வாய் விரித்து நிற்கும்போது, நிழல் விழாமல் பக்கவாட்டில் போய், நேரே உடலுக்குள் செலுத்து. அமிலம் உள்ளே போனால் பாதம்வரை வெந்து கரையும். சுண்ணாம்பும் இதே வேலையைச் செய்யும். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் குழைத்து, அதன் வாயிலும் அது ஒளிகிற துளையிலும் அப்பிவிட வேண்டும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு வேண்டாம். அதில் வேறென்ன கலந்திருக்கிறதோ யார் கண்டது? கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள். ஊசி கடலை நோக்கித்தான் இருக்க வேண்டும், உன் கண்ணை நோக்கி அல்ல.

இங்கேதான் அவசரக்காரன் தோற்கிறான். முதல் நாள் மூன்று செத்துவிட்டதைப் பார்த்த உற்சாகத்தில் முப்பதையும் அன்றைக்கே முடித்துவிடப் பார்க்கிறான். எலுமிச்சை அமிலம், சுண்ணாம்பு காரம். இரண்டில் எதைக் கொட்டினாலும் சின்னத் தொட்டியின் பி.எச். தடுமாறும். செத்த உடல்கள் அழுகி அம்மோனியா ஏறும். ஐப்டேசியாவோடு சேர்ந்து உன் கோமாளி மீனும் போகும். ஒரு நாளைக்கு நாலைந்து போதும். ஊசி போட்டு, கரைந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்ணீரைச் சோதித்துப் பார். மறுநாள் மறுபடி வா. முந்தின நாள் கொன்ற இடத்தில் மறுபடி ஒன்று தலை நீட்டியிருந்தால் மனசு விடாதே. ஊசியை எடு. அதற்கு இருக்கிற பொறுமை உனக்கு இல்லையென்றால் அந்தப் பாறை அதற்குத்தான் சொந்தம்.

மனம் தளர்ந்த நேரம் பார்த்து மூன்று ஆசைகள் உன் காதில் வந்து பேசும். முதல் ஆசை, பாறையையே தூக்கி எறிந்துவிடலாம் என்பது. அந்தப் பாறையின் துளைகளில்தான் உன் தொட்டியின் கழிவைச் செரிக்கிற பாக்டீரியா குடியிருக்கிறது. மாதக்கணக்கில் நீ வளர்த்த படை அது. ஒரு மூலையில் எதிரி புகுந்தான் என்று கோட்டையையே இடிக்கிறவன் எந்த ஊர் ராஜா? இரண்டாவது ஆசை, பாறையை எடுத்துக் கொதிக்கவைத்துவிடலாம் என்பது. இதைச் செய்யவே செய்யாதே! பாறையில் சோவாந்திட் வகை மென்பவளம் ஒட்டியிருந்தால், கொதிக்கிற ஆவியோடு பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு எழும். இப்படிச் செய்து குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. மூன்றாவது ஆசை, ஒரே பாட்டிலில் எல்லாவற்றையும் தீர்க்கும் மருந்து. பவளத் தொட்டியில் செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் ஐப்டேசியாவும் போகலாம். ஆனால் அதோடு இறாலும் நத்தையும் பவளமும் போய், மிச்சம் நிற்பது உப்புத் தண்ணீரும் நீயும்தான்.

உன் தொட்டி சின்னது, சங்கடமும் சின்னது. மன்னார் வளைகுடாவுக்குள் இதே சண்டை பெரிதாக நடந்துகொண்டிருக்கிறது, தெரியுமா?

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள். 1986-ல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989-ல் அந்த வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 117 வகைக் கல்பவளங்களை அங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். உன் தொட்டிக்குள் நீ செய்ய முயன்றதன் அசல் அதுதான். அந்த அசலுக்குள் விருந்தாளியாக வந்தது ஒரு பாசி. பேர் கப்பாபைகஸ் அல்வரேசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டிப்படுத்துகிற காரஜீனன் அதிலிருந்துதான் வருகிறது. பாவ்நகரில் தலைமையகம் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மண்டபத்திலும் வளர்த்துப் பார்த்தது. 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்தம் போட, மகளிர் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்க ஆரம்பித்தன. ஒரு மிதவையில் 60 கிலோ நட்டால் 45 நாளில் ஏறக்குறைய நாலு மடங்கு அறுக்கலாம். இந்த வேகத்தைக் கேட்டு வியாபாரி மகிழ்வான். தொட்டி வைத்திருக்கிற உனக்கு முதுகுத்தண்டு சில்லிட வேண்டும்.

அரசும் கண்மூடி இருக்கவில்லை. 2005-ல் ஓர் ஆணை போட்டு, இந்தப் பாசியைப் பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடாவிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம் என்றது. ஆனால் அலைக்கு அரசாணை படிக்கத் தெரியாதே! அறுந்த துண்டுகள் மிதந்து போயின. 2008-ல், குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் கப்பாபைகஸ் படர்ந்து மூடியிருப்பதை மதுரை ஆய்வாளர்கள் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். அதன் பிறகு பக்கத்துத் தீவுகளின் பவளத்திலும் அது தென்பட்டது. மான்கொம்பு மாதிரி கிளைக்கிற அக்ரோபோரா பவளத்தின் கிளைகளில் பாசி மெத்தையாகப் படியும். வெளிச்சம் கிடைக்காமல், தண்ணீர் ஓட்டம் இல்லாமல், அடியில் இருக்கிற பவளம் மூச்சடைத்துச் சாகும்.

வனத்துறை ஆட்களை இறக்கியது. அவர்கள் கையால் பிடுங்கினார்கள், சாக்கில் கட்டிப் படகில் ஏற்றினார்கள். பவளக் கிளையின் இடுக்கில் மிஞ்சிய விரல்நுனித் துண்டு மறுபடி தழைத்தது. மறுபடி இறங்கினார்கள். ஐப்டேசியாவின் பாதத்துணுக்கும் கப்பாபைகஸின் கிளைத்துணுக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகின்றன. பிய்த்தால் பெருகும். முழுதாக எடுத்தால் குறையும். எடுத்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால்தான் தீரும். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்துவருகிறார்கள். 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளிறியது. நட்டதும் போனது, நடாததும் போனது. அதற்குப் பிறகும் நட்டார்கள். தன்னம்பிக்கைக்கு உதாரணம் தேடி எடிசன் பல்பைப் பற்றி எத்தனை தடவை கேட்டிருக்கிறாய்! நூறு கிலோமீட்டரில் தண்ணீருக்கடியில் நம் ஆட்கள் சிலிண்டர் மாட்டிக்கொண்டு இதைச் செய்கிறார்கள். எனக்கு அந்தப் பல்பு போதும் போதும் என்றாகிவிட்டது.

இடையில் ஒன்று. பாசி வளர்க்கிற பெண்களை வில்லிகளாக்கிவிடாதே. ராமநாதபுரம் கரையில் தலைமுறையாக மூச்சடக்கி முழுகி, பாறையில் பாசி எடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். மிதவைப் பாசி அவர்கள் வீட்டு அடுப்பெரிய வழி கொடுத்தது. அதே மாவட்டத்து வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேலான கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். பிழைப்பும் வேண்டும், பவளமும் வேண்டும். எந்தப் பாசியை எந்தத் தண்ணீரில் விடுகிறோம் என்று முன்கூட்டியே பார்க்காததுதான் சிக்கல். நீ சந்தையில் பிடித்துப்போய், கேள்வி கேட்காமல் ஒரு பாறைத் துண்டை வாங்கி நேரே தொட்டிக்குள் இறக்கிய அன்றைக்கு நடந்ததும் இதுவே.

இதே பாசி ஹவாயிலும் தப்பியது. 1970-களில் ஒவாஹு தீவின் கானியோஹே விரிகுடாவில் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்து வைத்தார்கள், பவளத்தின்மேல் ஏறிக்கொண்டது. அவர்கள் செய்த வேலையைக் கவனி. மிதவைப் படகு ஒன்றில் பெரிய உறிஞ்சு மோட்டார் வைத்தார்கள். முக்குளிப்பவர்கள் பவளத்திலிருந்து பாசியைக் கையால் பிரித்துக் குழாய் வாயில் கொடுத்தார்கள். மேலே பொறுக்கி, தப்பி வந்த உள்ளூர் உயிர்களைத் திரும்பக் கடலில் விட்டார்கள். பாசி சேம்புத் தோட்டங்களுக்கு உரமாகப் போனது. அதோடு விடவில்லை. கைக்கு எட்டாத துணுக்குகளை மேய்ந்து தீர்க்க, அந்தக் கடலுக்கே சொந்தமான கடல் முள்ளெலிகளைக் குஞ்சு பொரிப்பகத்தில் லட்சக்கணக்கில் வளர்த்துப் பாறைகளில் இறக்கினார்கள். முதலில் கை, பிறகு மேய்கிற உயிர். இந்த வரிசையை நெஞ்சில் எழுதிக்கொள். தொட்டிக்காரர்கள் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். நூறு ஐப்டேசியா பெருகும்வரை சும்மா இருந்துவிட்டு, ஒரு பெப்பர்மின்ட் இறாலை விட்டு, அது ராத்திரியில் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று காத்திருக்கிறார்கள். பெப்பர்மின்ட் இறால் குட்டி ஐப்டேசியாவைத்தான் விரும்பும். காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீன் தின்னும், ஆனால் பல மீன்கள் தொட்டிக்கு வந்ததும் சாப்பிடவே மறுத்து மெலிந்து சாகும். பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தைக்கு ஐப்டேசியா ஒன்றே சோறு. கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் சோறு தீர்ந்த அன்று அதுவும் பட்டினி. உனக்குப் பதிலாக இன்னொரு உயிர் சண்டை போடும் என்று எதிர்பார்க்காதே. உன் கை செய்து முடித்த வேலையின் மிச்சத்தை அது முடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

முழுதாக ஜெயித்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறாயா? இருக்கிறார்கள். 1984-ல் மொனாக்கோ கடலடியில், அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே, காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற பச்சைப் பாசி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இடத்தில் இருந்தது. கண்காட்சித் தொட்டிகளுக்காக வளர்த்த வகை. ஒரு சதுர மீட்டர்தானே என்று விட்டார்கள். மத்திய தரைக்கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் படர்ந்தது. அதே பாசி 2000 ஜூனில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அகுவா எடியோண்டா என்ற உப்பங்கழியில் தென்பட்டது. அவர்கள் மூன்று வாரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு திட்டையும் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, விளிம்பை மணல் மூட்டையால் அழுத்தி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் அடித்தரையை அங்குலம் அங்குலமாக நீந்தித் தேடினார்கள். 2006-ல்தான் அங்கே அந்தப் பாசி அழிந்தது என்று அறிவித்தார்கள். எழுபது லட்சம் டாலருக்கு மேல் செலவு. மொனாக்கோவிலும் கலிஃபோர்னியாவிலும் ஒரே பாசிதான். அங்கே சின்னதாக இருக்கிறது என்று விட்டார்கள். இங்கே சின்னதாக இருக்கும்போதே பாய்ந்தார்கள். உன் பாறையில் இன்று எத்தனை? மூன்றா, ஐந்தா? இது உன் கலிஃபோர்னியா நேரம். தவறவிடாதே!

வேகம் வேண்டும் என்றதும் கண்ணில் படுகிறதையெல்லாம் கொன்றுவிடாதே. ராத்திரி டார்ச் அடித்தால் மணலிலிருந்து முடிமுடியாக நெளிகிற புழுவைப் பார்த்து அலறுகிறவர்கள் உண்டு. அது பிரிசில் புழு. பெரும்பாலும் மிச்சத் தீனியைத் தின்று சுத்தம் செய்கிற தோட்டி. கையில் முள் குத்தும், அதற்காக அது எதிரியாகிவிடாது. பச்சைக் குமிழ்ப் பாசியை உடைக்காமல் முழுக் குமிழாகப் பேர்த்து எடு. குழாய்க்குள் உட்கார்ந்து வலை வீசுகிற வெர்மெடிட் நத்தையின் குழாய் வாயைப் பசையால் அடைத்துவிடு. சிவப்புத் தட்டைப்புழு விஷயத்தில் மட்டும் கவனம். மருந்தை ஊற்றி ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சாகடித்தால், அவற்றின் உடலிலிருந்து வெளியாகிற நஞ்சு மீனைக் கொல்லும். முதலில் குழாய் வைத்து உறிஞ்சி எண்ணிக்கையைக் குறை, கரிவடிகட்டியைத் தயாராக வை, மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி வாசலைப் பேசுவோம். ஐப்டேசியா உன் வீட்டுக்குக் கதவைத் தட்டி வரவில்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு வந்தது. “கடல்ல எடுத்த லைவ் ராக், சார்” என்று ரகசியக் குரலில் எவனாவது நீட்டினால் வாங்காதே. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறையை உடைத்துப் படகு படகாகச் சுண்ணாம்புக்கு ஏற்றினார்கள். தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயின. கல்பவளங்கள் அனைத்தும், கறுப்புப் பவளமும் நெருப்புப் பவளமும் கடல் விசிறியும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலிக்குக் கிடைக்கிற பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. அவற்றைக் கடலிலிருந்து எடுத்து விற்பதும் வாங்குவதும் குற்றம். திருட்டுப் பாறையை வைத்துக்கொண்டு தன்னம்பிக்கை பேசுகிறவனை நான் மதிக்க மாட்டேன். சூளையில் சுட்ட செயற்கைப் பாறை கிடைக்கிறது. அது காய்ந்த பாறை, அதில் எந்தப் பிராணியும் ஒளிந்து வராது. பாக்டீரியா குடியேற நாளாகும், ஆகட்டும். மீன் வேண்டுமா? மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்கு.

எது வந்தாலும் நேரே தொட்டிக்குள் விடாதே. ஒரு தனி வாளி, ஒரு சின்ன வடிகட்டி, ஒரு விளக்கு, அது போதும். புதிதாக வந்ததை அதில் சில வாரம் நிறுத்திவை. ராத்திரியில் பார், உருப்பெருக்கியில் பார், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார். அழகான மென்பவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாளிக்குள் காக்கவைக்கிற நெஞ்சுரம் சாதாரணமானதில்லை. பத்துப் பேர் முன்னால் பேசுகிற தைரியத்தைவிட இது கடினம் என்பது என் கருத்து. பேச்சுக்குக் கைதட்டுக் கிடைக்கும், வாளிக்கு யாரும் தட்ட மாட்டார்கள்.

வெளியே எடுத்ததை என்ன செய்வாய்? சாக்கடையில் ஊற்றாதே, கண்மாயில் கொட்டாதே. “பாவம், கடல்லயே விட்டுருவோம்” என்று தூத்துக்குடிக்கு எடுத்துப் போகவே போகாதே. உன் தொட்டியில் இருக்கிற உயிர் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று உனக்கே தெரியாது. எண்ணூரில் காக்கா ஆழி என்று மீனவர்கள் பேர் வைத்திருக்கிற ஒரு சிப்பி, அமெரிக்கக் கண்டத்துக் கரையிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்து, கொசஸ்தலை ஆற்றின் அடிப்பரப்பையே மூடிவிட்டது. இறால் பிடிக்க இறங்கினால் காலை அறுக்கிறது. கையால் துழாவி இறால் பிடித்த குடும்பங்களின் சோறு போயிற்று. உன் ஒரு வாளிக் கருணை இன்னொரு கரைக்கு அதைச் செய்துவிடக் கூடாது. எடுத்த ஜந்துவை, பாசியை, புழுவை வெயிலில் பரப்பிக் காயப் போடு. நம் ஊர் வெயில் எதற்கு இருக்கிறது? தண்ணீரைப் பிளீச்சிங் பவுடர் கலந்து ஓரிரு நாள் வைத்திருந்து கழித்துவிடு. சிரிஞ்சைத் தொப்பி போட்டுத் தனியே வை, பிள்ளைகள் கை படாத இடத்தில்.

இன்று ராத்திரி விளக்கை அணைத்து ஒருமணி நேரம் கழித்து, டார்ச்சின் முகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார். முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதே. பின்பக்கப் பாறை, மோட்டாரின் அடி, வழிகிற தண்ணீர்ப் பெட்டி, எல்லா இடமும் பார். பாறையின் படத்தைக் காகிதத்தில் வரைந்து, ஒவ்வொன்றும் இருக்கிற இடத்தில் புள்ளி வை. பெரியது எது, இடுக்கில் இருப்பது எது, எதை முதலில் எடுப்பது என்று நம்பர் போடு. பிறகு படுத்துத் தூங்கு. நாளைக் காலை மருந்துக்கடை திறந்ததும் ஊசி வாங்கு, காய்கறிக் கடையில் நல்ல சாறுள்ள புளியங்குடிப் பழமாக இரண்டு வாங்கு. முதல் புள்ளியிலிருந்து ஆரம்பி.